அரசப் பாடசாலையா, இன்டர்நேஷனலா? முதலில் கொப்பியைத் திறந்து பாருங்கள்

வெள்ளவத்தையில் வீட்டிலேயே பின்னேரக் கணித வகுப்பு நடத்துகிறேன். முதலாம் தர விண்ணப்பக் காலம் வந்தால் கணக்குக் கேட்டு வரும் பிள்ளைகளைவிட யோசனை கேட்டு வரும் பெற்றோர்தான் அதிகம். "டீச்சர், பிள்ளையை எங்கே போடலாம்? கவர்ன்மென்ட் ஸ்கூலா, இன்டர்நேஷனலா?" வட்ஸ்அப்பில் கேட்பார்கள், காலி வீதியில் மரக்கறி வாங்கும்போதும் நிறுத்திக் கேட்பார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் படிப்பித்தேன். பிறகு ஆசிரிய நியமனம் கிடைத்து, தமிழ் மொழிமூல அரசப் பாடசாலை ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது சேவையில் இல்லை. வீட்டு வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். அரசப் பாடசாலைப் பிள்ளை தமிழில் கேட்கும், மற்றப் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கும், நான் இரண்டிலும் மாறி மாறிச் சொல்வேன். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளை எழுதியதை யாராவது ஒருவர் உண்மையாக வாசித்து, பிழையைத் திரும்பச் செய்ய வைக்கும் இடத்தில் பிள்ளை கற்கிறது. அப்படி ஓர் ஆள் எந்த வகைப் பாடசாலையிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

கொழும்பில் 'தனியார்' என்று சொல்லும்போது இரண்டு வேறு சங்கதிகளைச் சேர்த்துச் சொல்கிறோம். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 சட்டங்களின் பின் அரசு உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சேராமல் வெளியே நின்றவை தனியார் பாடசாலைகளாகவே தொடர்கின்றன. கொழும்பில் கத்தோலிக்கக் கல்லூரிகள் சில அப்படியானவை. கட்டணம் உண்டு, ஆனால் பாடத்திட்டமும் ஓ.எல் (சாதாரண தர), ஏ.எல் (உயர்தர) பரீட்சையும் அரசப் பாடசாலையின் அதே பரீட்சைதான். சர்வதேசப் பாடசாலைகள் வேறு கதை. அவை 1980களிலிருந்து பெருகியவை, கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அங்கே பெரும்பாலும் எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் என்ற பிரித்தானியப் பரீட்சைக்குப் படிப்பிக்கிறார்கள். சில இடங்களில் உள்ளூர்ப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் நடத்துவதும் உண்டு. நீங்கள் பார்க்கப்போவது இதில் எது என்று முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கற்றலுக்கு வருவோம். எட்டாம் தரத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒருநாள் ஒரே கணக்கைக் கொடுத்தேன். ஒரு தாங்கியில் மூன்றில் இரண்டு பங்குக்கு நீர் இருக்கிறது. அந்த நீரில் நாலில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. தாங்கியின் எத்தனை பங்கு நீர் மிச்சம்?

அரசப் பாடசாலைப் பையன் கோடு போட்ட கொப்பியில் திகதி எழுதி, தலைப்பு எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடும் கீறினான். பிறகு 2/3 இலிருந்து 1/4 ஐக் கழித்தான். பொது மடங்கு 12, பிறகு 8/12, 3/12, விடை 5/12. ஒரு படி கூடத் தவறவில்லை. ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல. 'அந்த நீரில்' என்ற இடத்தை அவன் கண் தாண்டிப் போயிருந்தது. பின்னமும் 'செலவானது' என்ற சொல்லும் கண்டவுடன் கை கழிக்கத் தொடங்கிவிட்டது.

சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை எதுவும் எழுதவில்லை. ஒரு பெட்டி கீறினாள், மூன்றாகப் பிரித்தாள், இரண்டை நிழற்றினாள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "அரைவாசி, மிஸ்" என்றாள். சரியான விடை. எப்படி வந்தது என்றால் படத்தைக் காட்டிக் கடகடவென்று ஆங்கிலத்தில் விளக்குகிறாள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் எண்களை மாற்றினேன். ஏழில் ஐந்து பங்கு நீர், அதில் ஒன்பதில் இரண்டு செலவு. பெட்டியை ஏழாகப் பிரித்தவள் அதற்குமேல் போகவில்லை. பெருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவள். 5/7 ஐ 7/9 ஆல் பெருக்கினால் ஏழும் ஏழும் வெட்டுப்பட்டு 5/9 என்று அழகாக விழும் கணக்கு அது.

இந்த இரண்டு கொப்பிகளையும்தான் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு பக்கம் செய்முறை கையில் ஊறியிருக்கிறது, ஆனால் கேள்வியை வாசித்து யோசிக்கும் பழக்கம் குறைவு. மறுபக்கம் யோசிக்கவும் பேசவும் தயக்கமில்லை, ஆனால் பயிற்சி போதாது. இதை வைத்து இன்ன பாடசாலைதான் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் விடுபட்டது வேறு, அதை வீட்டில் நிரப்பும் வழியும் வேறு. அந்தப் பையனிடம் பேனாவைத் தொடுமுன் கேள்வியைத் தன் சொற்களில் சொல்லச் சொன்னேன். பெட்டி கீறிய பிள்ளைக்குத் தினமும் பத்துக் கணக்கு, படிமுறையோடு. இருவரும் ஒரு தவணைக்குள்ளேயே முன்னேறினார்கள். பாடசாலையை மாற்றித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அரசப் பாடசாலையில் என் வகுப்பில் நாற்பது பேர். காலை 7.30 க்குத் தொடங்கி 1.30 க்கு முடியும் நாளில், ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் பாடம் நடத்த நேரமில்லை. அதனால் பலகையில் செய்து காட்டி, கொப்பியில் எழுத வைத்து, ஒரு சரி அடையாளம் போடுவதோடு பலருடைய வேலை முடிந்துவிடும். அங்கே எனக்குப் பக்கத்து வகுப்பில் இருந்த ஒரு மூத்த ஆசிரியை ஒவ்வொரு நாளும் பத்துக் கொப்பிகளை மட்டும் எடுத்து, வரி வரியாக வாசித்து, பிழையான படியின் கீழ் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வாரத்துக்குள் எல்லாக் கொப்பியும் ஒருமுறை அவர் கையால் போகும். அவருடைய வகுப்புப் பிள்ளைகளை ஓ.எல் பெறுபேறு வரும்போது தனியாகத் தெரியும். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்தே பழகினேன்.

சர்வதேசப் பாடசாலையில் வகுப்பில் இருபது பேரளவில்தான். கேள்வி கேட்கப் பிள்ளை பயப்படாது, அது பெரிய சொத்து. ஆனால் கொப்பிக்குப் பதில் போட்டோகொப்பித் தாள்கள். அவை ஃபைலுக்குள் போகும், பிறகு யாரும் திறப்பதில்லை. ஆசிரியர்களும் அடிக்கடி மாறுவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் எத்தனையோ பேர். ஒரே ஆண்டில் கணித ஆசிரியர் இரண்டு முறை மாறிய வகுப்பிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அட்சரகணிதத்தில் நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அரசப் பக்கத்திலும் இடமாற்றமும் வெற்றிடமும் உண்டு. தமிழ் மொழிமூலச் சிறிய பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாமலே தவணைகள் போவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே பாடசாலையைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்து முடித்தபின், இந்த வகுப்பின் கணித ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

"ஆனால் டீச்சர், பெறுபேறு பார்த்தால் வித்தியாசம் தெரிகிறதே" என்பார்கள். தெரியத்தான் செய்யும். பெரிய தேசியப் பாடசாலைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை வைத்து ஆறாம் தரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. கட்டணப் பாடசாலைகளுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். உள்ளே போகும்போதே முன்னால் நிற்கும் பிள்ளை வெளியே வரும்போதும் முன்னால் நிற்பதில் பாடசாலையின் பங்கு எவ்வளவு? பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா பரீட்சையில், 2018 இல் ஓஈசிடி என்ற, பெரும்பாலும் வசதியான நாடுகளின் அமைப்பில் உள்ள நாடுகளின் சராசரியை எடுத்தால், வாசிப்பில் தனியார் பாடசாலை மாணவர்கள் கூடுதல் புள்ளி பெற்றிருந்தார்கள். மாணவரினதும் பாடசாலையினதும் பொருளாதாரப் பின்னணியைக் கணக்கில் எடுத்தவுடன் அரசப் பாடசாலை மாணவர்கள்தான் முன்னுக்கு வந்தார்கள்.

நமக்குப் பக்கத்தில் இன்னும் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆந்திரக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் செய்தது, 2015 இல் வெளிவந்தது. அரசப் பாடசாலையில் படித்த பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில், தனியார் பாடசாலையில் இலவசமாகப் படிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பிள்ளைகள். நாலு ஆண்டு கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணிதத்திலும் வித்தியாசமே இல்லை. ஹிந்தியில் மட்டும் தனியார் பக்கம் நன்றாக முன்னால். காரணம் நேரசூசியிலேயே இருந்தது. தனியார் பாடசாலைகள் தெலுங்குக்கும் கணிதத்துக்கும் குறைந்த நேரம் ஒதுக்கி, ஹிந்தி போன்ற மற்றப் பாடங்களுக்கு நேரம் கொடுத்தன. அதையும் ஒரு பிள்ளைக்கு அரசு செலவழிப்பதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவான செலவில் செய்தன. அந்தக் கிராமத்துத் தனியார் பாடசாலைகளும் கொழும்பு இன்டர்நேஷனலும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் நேரம் போகும் இடத்தில்தான் கற்றல் வளரும் என்பது இங்கும் பொருந்துகிறது. நீங்கள் சேர்க்கப்போகும் பாடசாலையின் நேரசூசியைக் கேட்டு வாங்குங்கள். கணிதத்துக்கு எத்தனை பாடவேளை, தமிழுக்கு எத்தனை, நூலகத்துக்கு ஏதாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கேட்டால் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

டியூஷனையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நானே வகுப்பு எடுத்துக்கொண்டு இதைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். கொழும்பில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளை ஒன்றின் அறிவில் எவ்வளவு பாடசாலையில் வந்தது, எவ்வளவு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வகுப்புகளில் வந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. அதனால் ஒரு பாடசாலையை விசாரிக்கும்போது அங்கே பத்தாம் தரத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரிடம், எத்தனை பாடத்துக்கு வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். கட்டணமும் கட்டி எல்லாப் பாடத்துக்கும் டியூஷனும் என்றால், அந்தக் கட்டணத்தில் நீங்கள் வாங்குவது வேறு ஏதோ. இலவசப் பாடசாலை என்று சேர்த்துவிட்டு வேன், வசதிக் கட்டணம், டியூஷன் என்று மாதம் முடிவில் மூச்சு முட்டும் வீடுகளும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பணம் உண்மையிலேயே வித்தியாசம் செய்த காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியதும் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் சீக்கிரமே சூமில் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். என் அரசப் பாடசாலை மாணவர்களில் பலருடைய வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோவது. இரவு எட்டு மணிக்கு மேல்தான் வட்ஸ்அப்பில் போட்ட பயிற்சியைப் பார்ப்பார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் விழுந்த இடைவெளி பின்னங்களில் இன்னும் தெரிகிறது. அப்போது மூன்றாம், நாலாம் தரத்தில் இருந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பின்னத்தையும் தசமத்தையும் ஒருமுறை அடியிலிருந்து பார்த்துவிடுங்கள்.

மொழி பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. வீட்டில் தமிழ் மட்டும் பேசி, ஆங்கிலத்தில் உதவ ஆளில்லாத பிள்ளையை முதலாம் தரத்திலேயே முழு ஆங்கிலத்தில் விடுவது பெரும்பாலும் சரிவருவதில்லை. பிள்ளை சரளமாக வாசிக்கும், உச்சரிப்பும் அழகாக இருக்கும், பெற்றோர் பூரித்துப் போவார்கள். நாலாம் தரத்தில் வசனக் கணக்கு வரும்போதுதான் வாசித்தது விளங்கவில்லை என்று தெரியவரும். அதற்குள் தமிழ் வாசிப்பும் பின்தங்கியிருக்கும், ஏனென்றால் அங்கே தமிழ் இருந்தாலும் வாரத்தில் சில பாடவேளைகள்தான். அம்மாவுக்குப் புத்தகம் விளங்காது, பிள்ளைக்கு அம்மாவின் விளக்கம் எட்டாது. வீட்டில் ஒருவராவது ஆங்கிலத்தில் படித்து, பிள்ளையோடு இருந்து வாசிக்க நேரமுள்ளவர் என்றால் நிலைமை வேறு. அப்படியான பிள்ளைகள் நன்றாகவே வருகிறார்கள்.

ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அரசப் பாடசாலைகள் சிலவற்றில் ஆறாம் தரத்திலிருந்து கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். 2001 அளவில் தொடங்கிய ஏற்பாடு இது. ஐந்தாம் தரம்வரை தமிழில் ஊன்றிப் படித்துவிட்டு அங்கே ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகள் முதல் இரண்டு தவணை திணறுவார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். என் மேசையில் இரண்டு மொழியிலும் கணக்கை விளக்கக்கூடிய பிள்ளைகள் பெரும்பாலும் இவர்கள்தான். சேர்க்கும்போதே அந்தப் பாடசாலையில் தமிழ்ப் பிரிவுக்கு இந்த வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கணிதக் கொப்பியையோ ஃபைலையோ எடுங்கள். அந்த வாரம் பிழை போட்ட ஒரு கணக்கைத் தேடுங்கள். அதன் கீழே பிள்ளை திரும்பச் செய்திருக்கிறதா? ஆசிரியர் அதைப் பார்த்ததற்கு அடையாளம் இருக்கிறதா? முழுக் கொப்பியிலும் சரி அடையாளம் மட்டும் இருந்தால் பலகையைப் பார்த்து எழுதிய கொப்பி அது. பிறகு ஒரு கணக்கைக் காட்டி, "இதை எனக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எந்த இடத்தில் "அப்படித்தான் மிஸ் செய்தவ" என்று சொல்கிறதோ, அந்த இடம்தான் விளங்காத இடம். வாசிப்புக்கு வீரகேசரி ஞாயிறு இதழில் ஒரு பத்தி போதும். வாசித்தபின் தாளை மூடிவிட்டு என்ன இருந்தது என்று கேளுங்கள். இரண்டு தவணை இப்படிப் பார்த்தால் பாடசாலையைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாததை நீங்கள் அறிவீர்கள். பெற்றோர் சந்திப்புக்கு அந்தக் கொப்பியோடு போங்கள், பேச்சே வேறுமாதிரி இருக்கும்.

கடைசியாகப் பாதியில் மாற்றுவது பற்றி. இதில்தான் பிள்ளைகள் கூடுதலாக அடிபடுகிறார்கள். அரசப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழக்கமான பாதை உள்ளூர் ஏ.எல் பரீட்சையின் இசட் புள்ளி, அதாவது பிள்ளையின் புள்ளியை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி. லண்டன் ஏ.எல் என்று சொல்லும் பிரித்தானியப் பரீட்சைப் பாதை பெரும்பாலும் வெளிநாட்டுக்கோ இங்குள்ள கட்டணப் பட்டப்படிப்புக்கோ போகும். அந்தச் செலவு பாடசாலைக் கட்டணம் முடிந்த பிறகு வருவது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, பவுணில் கட்ட வேண்டிய பரீட்சைக் கட்டணமும் அதோடு ஏறியது. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த ஒரு தகப்பன் ஒன்பதாம் தரத்தில் மகனை உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கு மாற்றினார். கணிதத்தில் பிள்ளைக்குப் பெரிய சிக்கல் இல்லை. ஓ.எல்லுக்குச் சமயம், தாய்மொழி, வரலாறு, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆறும் கட்டாயம். இதில் வரலாறும் தமிழும் அவனுக்குப் புதிது. பத்தாம் தரத்தில் ஓ.எல் பாடத்திட்டம் தொடங்குமுன் ஒரு முழு ஆண்டு கையில் இருந்ததால்தான் சமாளித்தான். மாற்ற வேண்டும் என்ற யோசனை இருந்தால் ஆறாம் தரம் நல்ல இடம், ஒன்பதாம் தரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்றுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, செலவே இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அரசப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இருக்கின்றன. கணிதப் புத்தகத்தின் இரண்டு பதிப்பையும் இறக்கி, அருகருகே வையுங்கள். அத்தியாய ஒழுங்கு ஒன்றுதான். பகுதி எண், தொகுதி எண், சமன்பாடு, பரப்பளவு என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் வரும் சொற்களைப் பிள்ளையே இரண்டு நிரலாக ஒரு கொப்பியில் எழுதட்டும். டிசம்பர் விடுமுறையில் தொடங்கினால், புதிய வகுப்பில் முதல் நாள் ஆசிரியர் பேசுவது காதில் விழும்போது பாதிச் சொற்கள் தெரிந்தவையாக இருக்கும்.